பெட்டியின் முத்திரை மெய்யாக வேண்டும்

நமது கூட்டுறவு இயக்கத்தில் நெசவாளரும் விவசாயியும் ஒரே பந்தியில் அமர்ந்திருப்பவர்கள். ஆயினும் துறைமுகத்தைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும் இருவரும் இருவேறு திசைகளை நோக்குகின்றனர். வெளிநாட்டுப் பஞ்சு தாமதமின்றிக் கரையேறி, ஆலைக்குச் சென்று, நூலாகித் தறிக்கு வரவேண்டும் என்பது நெசவாளரின் கவலை. அந்தப் பஞ்சோடும், சரக்கைத் தாங்கி வரும் பலகைகளோடும் புதியதொரு பூச்சி கரையேறிவிடக் கூடாது என்பது விவசாயியின் கவலை. துறைமுகத்தில் சரக்குக்கு நச்சுப்புகை ஊட்டுவதற்கும், மரப்பெட்டிகளைச் சூடேற்றுவதற்கும் ஆகும் செலவையும் நாட்களையும் முன்னவர் ஒரு வரியாகவே எண்ணுகிறார். பின்னவர் அதனை ஒரு வேலியாக எண்ணுகிறார்.

இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையே நமது சங்கங்கள் ஒரு முடிவுக்கு வருதல் அவசியம். அது வேலிதான் என்பதும், அந்த வேலி நெசவாளரையும் சேர்த்தே காக்கிறது என்பதும், அது பொய் வேலியாக இருக்குமானால் இருவருக்குமே கேடு என்பதும் நமது திடமான அபிப்பிராயம். அதற்கான காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கடல் ஒரு தடையல்ல

பயிரை அழிக்கும் பூச்சிகள் பெரும்பாலும் தம் சிறகை நம்பிக் கடல் கடப்பதில்லை. மனிதனுடைய வாணிபத்தை நம்பியே கடக்கின்றன. இதற்குப் பருத்தியின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இன்று நமது பருத்திக் காடுகளில் பெருஞ்சேதம் விளைவிக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை விஞ்ஞானிகள் முதன்முதலில் விவரித்தது, குஜராத்தில் உள்ள புரோச் பகுதிப் பருத்தியிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டுதான், ஆண்டு 1843. அந்தப் புழு 1906–07 வாக்கில் இந்தியப் பருத்தியோடு எகிப்துக்குச் சென்றது என்று பூச்சியியலார் கருதுகின்றனர். எகிப்தியப் பருத்தி விதையோடு அது மெக்சிகோவை அடைந்தது. 1917இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் காணப்பட்டது. அதனை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று அமெரிக்க சர்க்கார் அறிவிக்க 2018ஆம் ஆண்டு வரை, அதாவது ஒரு நூற்றாண்டுக் காலம் பிடித்தது. கொட்டையோடு கொட்டையாய் ஒட்டியிருந்த ஒரு சிறு புழு, மூன்று கண்டங்களைச் சுற்றிவந்த கதை இது. பூச்சி எப்போதும் பிற நாட்டிலிருந்தே நம்மிடம் வருகிறது என்று நினைப்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். நாமும் அனுப்பியிருக்கிறோம்.

அமெரிக்கா தன் பங்குக்கு வேறொரு பகைவனை வைத்திருந்தது. காய்க் கூன்வண்டு என்னும் பூச்சி 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து டெக்ஸாஸுக்குள் புகுந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் அந்நாட்டுப் பருத்தி மண்டலம் முழுவதையும் பற்றிக்கொண்டது. அந்த வண்டு இந்தியாவுக்குள் வந்துவிடலாகாது என்ற அச்சத்தினால்தான், 1920களில் அமெரிக்கப் பஞ்சுப் பொதிகளுக்குப் பம்பாய்த் துறைமுகத்தில் ஹைட்ரோசயனிக் அமில வாயுவை ஊட்டிய பிறகே உள்ளே விடுவது என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கு அடிப்படையாய் அமைந்தது 1914ஆம் ஆண்டின் அழிவு செய்யும் பூச்சிகள், நோய்கள் சட்டம். ஆலை முதலாளிகளுக்கு அந்த ஏற்பாடு செலவு வைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் காய்க் கூன்வண்டு இன்றுவரை இந்தியப் பருத்திக் காட்டில் குடியேறவில்லை. ஏற்கெனவே காய்ப்புழுக்களோடு போராடும் நமது பருத்தி விவசாயிக்கு அந்த ஒரு துன்பமாவது இல்லாமற் போனது. அதன் மதிப்பை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவாக எழுதுவாரில்லை. வராத நஷ்டத்துக்கு யார் கணக்கு வைப்பார்?

மரத்துக்குள் ஒளிந்து வரும் பகை

பஞ்சையும் தானியத்தையும் சோதிப்பது வழக்கத்துக்கு வந்து நீண்ட காலத்துக்குப் பிறகும், அவற்றை ஏற்றிவரும் மரத்தை யாரும் கவனிக்கவில்லை. இயந்திரத்துக்கு மரப்பெட்டி, ஓடுகளுக்கு மரச்சட்டம், மூட்டைகளுக்கு அடியில் 'பேலட்' என்னும் பலகைத் தட்டு, கப்பலின் வயிற்றில் சரக்கு உருளாதிருக்க முட்டுக்கட்டை என்று எங்கும் மரமே நிறைந்திருந்தும், அது சரக்கல்ல என்ற காரணத்தால் சோதனைக்குத் தப்பிவந்தது. மேலும், இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு மலிவான மரமே பயன்படும். பட்டை முழுவதும் நீக்கப்படாத, ஈரம் உலராத மரத்துக்குள் வண்டின் புழு மாதக்கணக்கில் உயிரோடிருக்கக்கூடும். வெளியே பார்த்தால் பலகை. உள்ளே ஒரு பூச்சிக் குடும்பம்.

இதன் விளைவை உலகம் 1990களில்தான் நன்கு உணர்ந்தது. ஆசிய நெடுங்கொம்பு வண்டு 1996இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலும், 1998இல் சிகாகோவிலும் சாலையோர மரங்களைத் துளைப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அது சீனாவிலிருந்து வந்த மரப் பெட்டிகளோடு வந்ததென்று அறியப்பட்டது. அந்த வண்டை ஒழிக்க, வளர்ந்து நிழல் தந்த மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்த நேர்ந்தது. 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் மரகத வண்டு எனப்படும் மற்றொரு ஆசியப் பூச்சி கண்டறியப்பட்டது. அதுவும் கட்டுமான மரத்தோடு வந்தது என்றே கருதப்படுகிறது. வட அமெரிக்காவின் 'ஆஷ்' மரங்கள் கோடிக்கணக்கில் அதனால் மடிந்துவிட்டன. ஒரு பெட்டிக்குச் சூடேற்ற ஆகும் சில ரூபாய்களை மிச்சம் பிடித்ததற்கு ஒரு கண்டம் கொடுத்த விலை அது.

இந்த அனுபவத்தின் பயனாக, 1951இல் ஏற்பட்ட சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ், 2002ஆம் ஆண்டில் மரக்கட்டுமானப் பொருள்களுக்கென்று ஒரு பொது விதி வகுக்கப்பட்டது. அது அந்த உடன்படிக்கையின் பதினைந்தாம் எண் விதி என்று வழங்குகிறது. இந்தியாவிலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணையின் கீழ் வெளிநாட்டு மரப்பெட்டிகள் முறைப்படி பக்குவம் செய்யப்பட்டு முத்திரையிடப்பட்டிருத்தல் வேண்டும். பரீதாபாத்தில் தலைமையிடம் கொண்ட தாவரப் பாதுகாப்பு இயக்ககம் இதனைக் கண்காணிக்கிறது. நாம் அனுப்பும் பெட்டிகளிடமிருந்து பிற நாடுகள் எதிர்பார்ப்பதும் இதுவே.

விதி கேட்பது என்ன?

விதி கேட்பவை அதிகமல்ல; ஆனால் கேட்பதைத் துல்லியமாகக் கேட்கிறது. முதலாவதாக, மரத்தின் பட்டை நீக்கப்பட்டிருக்க வேண்டும். தப்பி நிற்கும் பட்டைத் துண்டு 3 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறைவாயிருந்தால் நீளம் எவ்வளவாயினும் பாதகமில்லை. அதைவிட அகலமாயிருப்பின் அதன் பரப்பு 50 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இரண்டாவதாக, அங்கீகரிக்கப்பட்ட முறைகளில் ஏதேனும் ஒன்றால் மரம் பக்குவப்படுத்தப்பட வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது வெப்ப முறை. அறைக்குள் மரத்தை அடுக்கி, கட்டையின் நடுப்பாகம் உட்பட முழுவதும் 56 டிகிரி வெப்பத்தை அடைந்து, தொடர்ந்து 30 நிமிடங்கள் அதிலேயே நிற்கும்படி செய்தல் வேண்டும். அறையின் காற்று 56 டிகிரி ஆனால் போதாது; கட்டையின் உள்நடுவே அந்தச் சூட்டை அடைய வேண்டும் என்பதே இங்கு முக்கியம். மிகப் பருத்த கட்டையில் துளையிட்டு வெப்பமானியைச் செருகி, அளவைப் பதிவு செய்து வைப்பது அதற்காகத்தான். நுண்ணலைகளால் சூடேற்றும் முறையும் உண்டு. அதற்கு 60 டிகிரியில் ஒரு நிமிடம் போதும்.

மற்றொன்று மெதில் புரோமைடு என்னும் வாயுவை ஊட்டுவது. துறைமுகத்தில் 'பியூமிகேஷன்' என்று வழங்குவது இதுவே. வெப்பநிலை 21 டிகிரிக்குக் குறையாத இடத்தில், ஒரு கன மீட்டருக்கு 48 கிராம் வாயுவைச் செலுத்தி 24 மணி நேரம் மூடி வைக்க வேண்டும். முடிவில் கன மீட்டருக்கு 24 கிராமேனும் எஞ்சியிருக்க வேண்டும். குளிர் மிகுந்த இடங்களில் அளவு 56 கிராமாகவும் 64 கிராமாகவும் உயரும். 10 டிகிரிக்குக் கீழே இம்முறை கூடாது. இருபதடிக் கன்டெய்னர் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். ஆகவே சென்னையிலோ தூத்துக்குடியிலோ அப்படிப்பட்ட ஒரு கன்டெய்னருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வாயு வேண்டும் என்பதை எவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம். அதில் பாதியளவே வாங்கிய ரசீதைக் காட்டுகிறவரிடம் நமது சங்கச் செயலாளர் காரணம் கேட்கலாம். 2018 முதல் சல்பூரில் புளோரைடு என்னும் வாயுவும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

பக்குவம் முடிந்ததும் மரத்தின் மேல் முத்திரை பொறிக்கப்படும். கோதுமைக் கதிரின் அடையாளம் ஒன்று, நாட்டைக் குறிக்கும் எழுத்துக்கள், பக்குவம் செய்தவரின் பதிவெண், கையாண்ட முறை ஆகிய நான்கும் அதில் இருக்கும். வெப்பமானால் 'எச்.டி.' என்றும், மெதில் புரோமைடானால் 'எம்.பி.' என்றும் குறிப்பிடுவார்கள். 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய மரத்துக்கும், ஒட்டுப்பலகை போன்று பசையும் சூடும் அழுத்தமும் கொண்டு செய்தவற்றுக்கும், மரத்தூளுக்கும் இவ்விதி பொருந்தாது. பழுது பார்த்த பேலட்டில் புதிதாகச் சேர்த்த பலகை ஒவ்வொன்றும் பக்குவம் செய்யப்பட்டதாய் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றிவிட்டால் பழைய முத்திரையை அழித்துவிட்டு, முழுவதையும் மீண்டும் பக்குவம் செய்து புது முத்திரை இடவேண்டும். நம்மவர்கள் பலர் அறியாதது இந்தக் கடைசி விஷயம்தான்.

வெப்பமா, வாயுவா?

இரண்டு முறைகளும் விதிக்கு உட்பட்டவையே. ஆயினும் நமது சங்கங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது வெப்பத்தையே என்று நாம் கருதுகிறோம்.

மெதில் புரோமைடு ஓர் ஆற்றல் மிக்க மருந்து என்பதை மறுப்பதற்கில்லை. 1932இல் பிரான்சு தேசத்தில் அதன் பூச்சிக்கொல்லும் குணம் அறியப்பட்டது முதல், உலகத்தின் துறைமுகங்களில் அது பெருந்தொண்டு புரிந்திருக்கிறது. 1953இல் கலிபோர்னியாவில் காணப்பட்ட காப்ரா வண்டு, நமது துணைக்கண்டத்தையே தாயகமாகக் கொண்டது. சாக்கின் மடிப்பிலும் பலகையின் வெடிப்பிலும் உணவின்றி நெடுங்காலம் உயிர் தாங்க வல்லது. கிடங்குகளையே தார்ப்பாயால் போர்த்தி மெதில் புரோமைடு செலுத்தித்தான் அதனை அங்கே ஒழித்தார்கள். ஒரே நாளில் வேலையை முடிக்கும் மருந்து வேறு அதிகமில்லை.

ஆனால் அதற்கு மூன்று குறைகள் உண்டு. முதலாவது, அது வானத்தைப் புண்படுத்துகிறது. சூரியனின் தீய கதிர்களிலிருந்து பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள் என்று 1992இல் மான்ட்ரீல் உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பொது உபயோகத்தை வளர்ந்த நாடுகள் 2005லும், நம்மைப் போன்ற நாடுகள் 2015லும் நிறுத்த வேண்டுமென்று தவணை குறிக்கப்பட்டது. துறைமுகத் தடைக்காப்புக்கு மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 2010 முதல் தன் எல்லைக்குள் தடைக்காப்புக்கும் அதனைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. சலுகையின் மேல் நிற்கும் ஒரு முறையை நம்பி நமது ஏற்றுமதியை அமைத்துக்கொள்வது, ஆற்று மணலில் தூண் நடுவதைப் போன்றது.

இரண்டாவது, அது மனிதனைக் கொல்லும். அதற்கு மணமில்லை, ஆகவேதான் கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரின் சிறிதளவு கலந்து எச்சரிக்கை செய்வது வழக்கம். காற்றைவிட மூன்று பங்குக்கு மேல் கனமானதாகையால், கன்டெய்னரின் தரையிலும் மூட்டைகளின் இடுக்கிலும் தங்கிவிடும். நரம்பையும் நுரையீரலையும் அது தாக்குகிறது. சுவாசித்த சில மணி நேரம் கழித்துங்கூட நோய்க்குறி தோன்றலாம். காற்றோட்டம் செய்யப்படாத கன்டெய்னரின் கதவைத் திறந்து முதலில் உள்ளே நுழைபவர் முதலாளி அல்லர், சுமைதூக்கும் தொழிலாளியே. அவர் நமது ஊர்க்காரர், பல சமயங்களில் நமது அங்கத்தினரின் மகன்.

மூன்றாவது, எல்லாச் சரக்குக்கும் அது ஒத்துவராது. கம்பளியிலும் தோலிலும் ரப்பரிலும் உள்ள கந்தகத்தோடு கூடி, நீங்காத துர்நாற்றத்தை உண்டாக்கும். பிளாஸ்டிக் தாளால் சுற்றிய சரக்குக்குள் அது புகாது. 20 சென்டிமீட்டருக்கு மேல் பருத்த கட்டைக்குப் பயன்படாது. அதற்கு மாற்றாகத் தானியக் கிடங்குகளில் பெரிதும் வழங்கும் பாஸ்பீன் வாயுவைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து எழும் அவ்வாயு மலிவானது. ஆயினும் அது வேலை செய்யப் பல நாட்கள் பிடிக்கும். மரப்பெட்டிகளுக்கான சர்வதேச விதியில் அதற்கு இடமுமில்லை. அரைகுறை அளவில் பல்லாண்டு பயன்படுத்தியதன் விளைவாக, இந்தியக் கிடங்குப் பூச்சிகள் சில அதனைத் தாங்கும் வலிமை பெற்றுவிட்டன. நெசவாளர் மறவாது நினைவிற் கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. பாஸ்பீன் செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். சரிகைச் சேலைகள் அடுக்கிய கிடங்கில் மாத்திரையைப் போடுவதன் பலன் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெப்பத்துக்கு இந்தக் குறைகள் இல்லை. அது எச்சம் விடுவதில்லை. தொழிலாளியின் நுரையீரலுக்குள் போவதில்லை. பூச்சி அதற்குப் பழகிக்கொண்டது என்ற பேச்சுமில்லை. மரமும் ஓரளவு உலர்வதால் பூஞ்சணம் பிடிப்பது குறையும். மேலும் நமது தட்பவெப்பமே இதில் நமக்கு ஒரு முதல். குளிர் தேசத்தில் உறைபனியிலிருந்து மரத்தைச் சூடேற்ற வேண்டியிருக்க, நமது சமவெளியில் 30 டிகிரியிலேயே இருக்கும் மரத்தை 56க்கு உயர்த்தினால் போதும். வெப்பத்தால் பூச்சியைக் கொல்லும் முறை புதியதுமன்று. எகிப்திய அரைவை ஆலைகளில் காய்ப்புழுவை ஒழிக்கப் பருத்தி விதையைச் சூடேற்றிய அனுபவம் முன்பே உண்டு.

பொய் முத்திரையின் விலை

முறைகளைப் பற்றி இவ்வளவு சொன்னோம். ஆனால் முறையைவிட முக்கியமானது உண்மை. கோதுமைக் கதிரின் அச்சு ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, சூட்டையே காணாத பலகையில் குத்தித் தருவது கடினமான காரியமன்று. நூறு பேலட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு இருபதை மட்டும் அறைக்குள் அடுக்கி, நூற்றுக்கும் முத்திரை குத்துவதும் அவ்வாறே. "எல்லோருக்கும் காகிதந்தானே வேண்டும், காகிதம் இருக்கிறது" என்று சமாதானம் சொல்பவர்களை வாணிபத்தில் எங்கும் காணலாம். காகிதத்தைப் படிக்கும் வழக்கம் பூச்சிக்கு இல்லை என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

முத்திரை பொய்யாகும்போது நடப்பது என்ன? அயல்நாட்டுத் துறைமுகத்தில் பலகையிலிருந்து ஒரு புழு வெளிப்பட்டால், சரக்கைத் திருப்பியனுப்பவோ, மீண்டும் பக்குவம் செய்யச் சொல்லவோ, அழித்துவிடவோ அந்நாட்டுக்கு உரிமையுண்டு. கரூரின் வீட்டு உபயோகத் துணியோ, பொள்ளாச்சியின் தென்னை நார்ப் பொருளோ, தன்னிடத்தில் எந்தக் குற்றமுமின்றி, தன்னைத் தாங்கிய பலகையின் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படும். மாதக்கணக்கில் நெய்த கூலி அந்தப் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும்.

இது ஏற்றுமதியின் பக்கம். இறக்குமதியின் பக்கம் இன்னும் கொடியது. வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டுகள் துறைமுகத்தோடு நின்றுவிடுவதில்லை. பழைய மரம் என்று விலைக்கு வாங்கப்பட்டு, கிராமத்துக்கு வந்து, மாட்டுக் கொட்டகையின் சட்டமாகவும், கோழிக் கூண்டாகவும், விறகாகவும் மாறுகின்றன. அவற்றின் மேலுள்ள முத்திரை பொய்யானதாய் இருக்குமானால், துறைமுகத்தில் பிடிபடாத வண்டு நேரே தோப்பின் நடுவில் வந்து இறங்குகிறது. வேலியே பயிரை மேய்வதற்கு இதனினும் தெளிவான உதாரணம் இல்லை.

"பூச்சி வந்தால் விவசாயிக்கு நஷ்டம், தறிக்கு அதனால் என்ன?" என்று கேட்கும் நெசவாளச் சகோதரருக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டுவோம். 2008ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலில் காணப்பட்டது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அந்தப் பூச்சி நம் நாட்டுக்குள் வந்த சில காலத்துக்குள் பப்பாளியோடு நில்லாமல், மரவள்ளியையும் பருத்தியையும் மல்பெரியையும் பற்றிக்கொண்டது. மல்பெரி இலையின்றிப் பட்டுப்புழு இல்லை; பட்டுப்புழுவின்றிப் பட்டுநூல் இல்லை; பட்டுநூலின்றிப் பட்டுத்தறி இல்லை. கொங்கு நாட்டு மல்பெரித் தோட்டத்தில் வெண்மையாய்ப் படர்ந்த அந்த மாவு, பட்டு நெசவாளரின் பாவிலும் படர்ந்ததென்றே கொள்ள வேண்டும். தெளித்த மருந்துகள் மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சியை முற்றாக ஒழிக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, வளர்த்து, வயல்களில் விட்ட பின்னரே நிவாரணம் கிட்டியது. அந்தக் குளவி நமக்கு வாய்த்தது நற்பேறு. ஒவ்வொரு பூச்சிக்கும் அப்படியொரு குளவி கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்னையில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயால் அவதியுறும் தோப்புக்காரர்களைக் கேட்டால் இதன் உண்மை விளங்கும்.

இவ்விரு பூச்சிகளும் மரப்பெட்டியில் வந்தன என்று நாம் சொல்லவில்லை. அந்நியப் பூச்சி ஒன்று எந்த வாசல் வழியே வந்தாலும், அதன் செலவு தோட்டத்தோடு நிற்காமல் தறிவரை வந்து சேரும் என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது. வாசல்கள் பலவாயினும், நம்மால் சாத்தக்கூடிய வாசலைச் சாத்தாமல் விடுவதற்கு அது நியாயமாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சர்க்கார் சட்டம் இயற்றியிருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆயினும் ஒவ்வொரு பலகைக்கும் ஓர் அதிகாரியை நிறுத்த எந்த சர்க்காராலும் இயலாது. எஞ்சியதை வாணிபம் செய்பவர்களின் நேர்மையே நிறைவேற்ற வேண்டும். அந்த நேர்மைக்கு ஓர் அமைப்பு உருவம் கொடுப்பதற்காகவே கூட்டுறவு இயக்கம் இருக்கிறது.

முதலாவதாக, ஏற்றுமதியில் ஈடுபட்ட நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் சங்கங்களும் ஒன்றுகூடி, மாவட்டத்துக்கு ஒன்றாகவேனும் பொது வெப்ப அறை அமைத்தல் வேண்டும். ஒரு சங்கத்துக்கு அது பாரம்; பத்துச் சங்கங்களுக்கு அது பாரமன்று. அதிகாரிகளின் அங்கீகாரமும் பதிவெண்ணும் முறைப்படி பெறவேண்டும். தனி மரம் தோப்பாகாது என்பது பேலட் மரத்துக்கும் பொருந்தும். அறை நம்முடையதாக இருந்தால், வெப்பமானியின் பதிவேட்டை எந்த அங்கத்தினரும் புரட்டிப் பார்க்கலாம். முத்திரைக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

இரண்டாவதாக, அறை அமையும் வரையில், வெளியாரிடம் பேலட் வாங்கும் சங்கங்கள் மலிவை மட்டும் பார்க்கலாகாது. பதிவெண் மெய்யானதா, வெப்பப் பதிவு உண்டா, பட்டை ஒட்டியிருக்கிறதா, பழுது பார்த்த பலகையில் முத்திரை இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு வாங்குவதைத் தீர்மானமாகவே நிறைவேற்றி வைக்கலாம். துணி போன்ற இலேசான சரக்குக்கு மரமே வேண்டியதில்லை. அட்டைப் பெட்டியும் ஒட்டுப்பலகையும் போதும் என்ற இடங்களில் அவற்றையே கொள்ளலாம்.

மூன்றாவதாக, வாயு ஊட்டுவது தவிர்க்க முடியாத சரக்குகளில், அங்கீகாரம் பெற்ற வல்லுநர்களைக் கொண்டே அதனைச் செய்வித்தல் வேண்டும். வாயு வெளியேறிவிட்டதென்று கருவியால் அளந்து எழுதித் தந்த பின்னரே கதவு திறக்கப்பட வேண்டும். தொழிலாளியை அவசரப்படுத்தி உள்ளே அனுப்பி மிச்சம் பிடிக்கும் ஒரு மணி நேரம் நமக்கு வேண்டாம்.

நான்காவதாக, விவசாயிகள் பழைய பேலட் மரம் வாங்கும்போது முத்திரை உள்ளதா என்று பார்ப்பதோடு, புதிய துளைகளோ மரத்தூள் உதிர்வதோ காணப்பட்டால் அதனைத் தோப்புக்குக் கொண்டு செல்லாமல், வேளாண்மை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு கைப்பிடி மரத்தூளைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர் ஒரு மாவட்டத்தையே காத்தவராக ஆகக்கூடும்.

ஐந்தாவதாக, நெசவாளர் சங்கங்கள் பஞ்சு இறக்குமதியைப் பற்றி விண்ணப்பம் எழுதும்போது, தடைக்காப்பைத் தளர்த்த வேண்டும் என்று கேட்பதை விட்டு, அதனை விரைவாகவும் செம்மையாகவும் செய்வதற்குத் துறைமுகங்களில் ஆட்களும் கருவிகளும் போதிய அளவில் வேண்டும் என்று கேட்கட்டும். நாள் வீணாவதற்குக் காரணம் சோதனை அல்ல. சோதிப்பதற்கு ஆள் போதாமையே என்பது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அந்தக் கோரிக்கையில் விவசாயிகள் சங்கமும் மனமுவந்து கையொப்பமிடும். இரு சாராரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திடக்கூடிய கோரிக்கைக்கு உள்ள வலிமை வேறு எதற்கும் இல்லை.

இதற்கெல்லாம் செலவு உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. வெப்ப அறைக்கு எரிபொருள் வேண்டும். கணக்கு வைக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு பேலட்டின் மேலும் சில ரூபாய் ஏறும். விலைப் போட்டியில் அந்தச் சில ரூபாயும் பெரிதாகத் தோன்றும் மாதங்கள் வரும். அப்போது, பக்கத்து வியாபாரி அச்சு குத்தியே காலம் தள்ளுகிறாரே என்ற எண்ணமும் வரும். அந்த மாதங்களில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே நமது சங்கங்களுக்கு உரைகல். நெசவில் இழை குறைத்து நெய்தால் சேலை சில நாள் வரை நல்ல சேலை போலவே இருக்கும்; பின்னர் கிழியும்போது நெய்தவரின் பெயரும் சேர்ந்து கிழியும். மரத்தின் மேல் நாம் குத்தும் முத்திரையும் அத்தகையதே. அதில் நம் நாட்டின் எழுத்துக்கள் இருக்கின்றன. அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விஷயத்தைச் சேர்த்து, ஒவ்வொரு சங்கமும் தன் முடிவை எழுத்தில் பதிவு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.